தானே மூடிக்கொள்ளும் கதவு

நூலகம், மருத்துவமனை, கல்லூரி, வங்கி என்று மக்கள் கூடும் எந்தக் கட்டடத்திற்குச் சென்றாலும் ஒரு காட்சியைக் காணலாம். கதவின் மேல் விளிம்பில் ஓர் உலோகப் பெட்டி; அதிலிருந்து முழங்கைபோல் மடங்கி நீளும் இரு கரங்கள். கதவு தானே மூடிக்கொள்ள வேண்டும் என்பதற்காகப் பணம் கொடுத்து வாங்கிப் பொருத்திய கருவி அது. அதே கதவின் அடியில் பார்த்தால், கதவு மூடிவிடாதபடி யாரோ வைத்த ஒரு செங்கல்! மேலே மூடுவதற்கு ஒரு கருவி, கீழே மூடாமலிருக்க ஒரு கல். இரண்டும் நாள் முழுவதும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன.

இதைக் கண்டு நாம் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் அச்செங்கல் ஒரு செய்தியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தக் கதவுக்கு அந்தக் கருவி பொருந்தவில்லை என்பதே அச்செய்தி. கதவு கனமாக இருந்திருக்கும்; போகிறவர் வருகிறவர் எல்லாரும் தள்ளித் தள்ளி அலுத்திருப்பர்; யாரோ ஒருவர் கல்லைத் தேடி எடுத்து வந்திருப்பார். கல் வைத்தவர்மீது கோபம் கொள்வதற்கு முன், கதவு ஏன் தானே மூட வேண்டும், எவ்வளவு விசையோடு மூட வேண்டும் என்று மனிதன் எவ்வாறு கற்றுக்கொண்டான் என்பதை அறிவது நல்லது. அந்தப் பாடத்தின் சில பக்கங்கள் மிகத் துயரமானவை.

இக்கருவியைக் கடைகளில் ‘டோர் குளோசர்’ என்றே கேட்டு வாங்குகிறோம். இக்கட்டுரையிலும் அப்பெயரையே கொள்வோம்.

எடையும் வில்லும்

தானே இயங்கும் கதவு பழைய கனவு. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த அலெக்சாந்திரியா நகரத்து ஈரோன் என்ற அறிஞர், பலிபீடத்தில் தீ மூட்டினால் கோவில் கதவுகள் திறந்துகொள்ளும் ஓர் அமைப்பை விவரித்திருக்கிறார். தீயின் வெப்பத்தால் பீடத்தினடியில் அடைபட்ட காற்று விரியும். அது நீரைத் தள்ளி ஒரு வாளிக்குள் செலுத்தும். வாளி கனத்துக் கீழே இறங்கும்போது, அதனுடன் இணைந்த கயிறுகள் கதவின் அச்சுகளைச் சுழற்றும். தீ அணைந்து காற்று குளிர்ந்ததும் நீர் திரும்பிச் சென்றுவிடும்; எதிர்ப்புறம் தொங்கும் எடை கதவை மூடிவிடும். திறக்கும் வேலைக்கு இத்தனை ஏற்பாடுகள். மூடும் வேலைக்கோ ஓர் எடை போதுமாயிருந்தது.

அந்த எடைதான் பல நூற்றாண்டுகள் உழைத்தது. கதவில் ஒரு கயிற்றைக் கட்டி, கப்பியின் மேல் செலுத்தி, மறுமுனையில் ஒரு குண்டைத் தொங்கவிட்டால் கதவு மூடிக்கொள்ளும். இன்னொரு வழி, சரிவான பற்களைக் கொண்ட கீல். கதவைத் திறக்கும்போது அது சிறிது மேலே ஏறும். கையை விட்டதும் தன் எடையாலேயே இறங்கி மூடும். எஃகுச் சுருள்வில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு குண்டின் இடத்தை வில் பிடித்துக்கொண்டது.

மூன்று முறைகளுக்கும் ஒரே குறை உண்டு. அவை கதவை மூடுவதில்லை, அறைகின்றன.

ஏன் என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். 60 கிலோகிராம் எடையும் 95 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு கதவை எடுத்துக்கொள்வோம். வில்லின் திருப்புத்திறன் சராசரியாக 25 நியூட்டன் மீட்டர் என்க. கதவை 90 பாகை திறக்கும்போது நம் கை வில்லில் சேமித்துவைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 39 ஜூல். கையை விட்டதும் இவ்வளவு ஆற்றலும் கதவின் இயக்க ஆற்றலாகிறது. கதவின் விளிம்பு நிலையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர். ஒரு கிலோகிராம் கல் 4 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையை எவ்வளவு ஆற்றலோடு மோதுமோ, அவ்வளவு ஆற்றலோடு கதவு நிலையில் மோதுகிறது. நடுவில் ஒரு குழந்தையின் விரல் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வில்லின் வலிமையைக் குறைத்தால் அறைவது குறையும். ஆனால் அப்போது கதவு கடைசி விரற்கடை தூரத்தில் நின்றுவிடும். தாழின் நாக்கு நிலையின் பள்ளத்தில் விழாது. ஆகவே தேவைப்பட்டது வலிமை குறைந்த வில் அன்று. வலிமையான வில்லும், அதன் ஆற்றலை வழியிலேயே விழுங்கிவிடும் ஒரு தடையுமே தேவைப்பட்டன.

காற்றும் எண்ணெயும்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள திரித்துவ ஆலயம் 1877ஆம் ஆண்டு வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. குளிர்மிகுந்த அவ்வூரில் பெரிய கதவு திறந்தே கிடந்தால் வாடைக் காற்று உள்ளே புகும். வில் வைத்து மூடினால் வழிபாட்டின் நடுவே இடிபோல் ஓசை எழும். இந்த ஆலயத்தின் கதவுக்குத்தான் லூயிஸ் நார்ட்டன் என்பவர் காற்றால் இயங்கும் ஒரு தடையை அமைத்துக் கொடுத்தார். உருளை ஒன்றினுள் பிஸ்டன் நகரும். அதன் முன்னே அடைபட்ட காற்று ஒரு சிறு துளை வழியாக மெல்ல வெளியேறும். மிதிவண்டிப் பம்பின் வாயை விரலால் பாதி அடைத்துக்கொண்டு அழுத்திப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் உடனே விளங்கும். நார்ட்டன் பின்னர் இத்தொழிலிலேயே நிலைத்துவிட்டார். அவருடைய பெயரின் மூன்று முதலெழுத்துகளைத் தாங்கிய எல்.சி.என். என்ற நிறுவனம் 1926ஆம் ஆண்டு தோன்றியது.

காற்றில் ஒரு சிக்கல் உண்டு. அது அமுங்கும். வேகமாக வரும் கதவு காற்றை முதலில் அமுக்கும், அமுங்கிய காற்று வில்போல் திருப்பித் தள்ளும், கதவு ஊசலாடும். எண்ணெய் அப்படி அமுங்குவதில்லை. உருளையில் காற்றுக்குப் பதில் எண்ணெயை நிரப்பினால், துளை வழியே எவ்வளவு எண்ணெய் கசிகிறதோ அவ்வளவுதான் பிஸ்டன் நகர முடியும். எனவேதான் எண்ணெய் டோர் குளோசர் காற்றை வென்று, இன்றுவரை நிலைத்து நிற்கிறது.

இதன் இயக்கத்தை மழைத்துளியோடு ஒப்பிடலாம். மேகத்திலிருந்து விழும் துளி புவியீர்ப்பால் மேலும் மேலும் வேகம் பெற்றுக் குண்டுபோல் நம் தலையில் விழுவதில்லை. வேகம் கூடக் கூடக் காற்றின் தடையும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாகித் துளி சீரான வேகத்தில் இறங்குகிறது. கதவும் அப்படித்தான். வில் இழுக்கிறது, எண்ணெய் தடுக்கிறது, விரைவில் இரண்டும் சமமாகிக் கதவு ஒரே சீராக நகர்கிறது. துளையின் அளவை ஒரு திருகால் மாற்றினால் வேகமும் மாறும். நல்ல டோர் குளோசரில் இத்தகைய திருகுகள் இரண்டாவது இருக்கும். ஒன்று கதவு வரும் வேகத்துக்கு. மற்றொன்று தாழ் விழும் கடைசிச் சில பாகைகளுக்கு. சிலவற்றில் மூன்றாவது திருகும் உண்டு. காற்றோ முரட்டுக் கையோ கதவை வீசித் திறக்கும்போது, அது சுவரில் மோதாமல் தடுக்க அது உதவும்.

பெட்டிக்குள் பிஸ்டனின் முதுகில் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். அவை ஒரு பற்சக்கரத்தோடு பொருந்தும். அச்சக்கரத்தின் தண்டிலிருந்து கரம் புறப்படும். கதவு திறக்கும்போது வில் அமுங்குகிறது, மூடும்போது விரிகிறது. வில் மிகவும் விரிந்து தளரும் கடைசிக் கட்டத்தில்தான் தாழைத் தள்ளும் விசை மிகுதியாகத் தேவை. வெளியே தெரியும் அந்த முழங்கைக் கரத்தின் மடக்கம் அந்தக் கட்டத்தில் நெம்புகோல் போல் உதவி வில்லின் தளர்வை ஈடுசெய்கிறது.

குளிர்காற்றைத் தடுக்க இன்னொரு வழியும் அக்காலத்தில் பிறந்தது. பிலடெல்பியா நகரத்தவரான தியோபிலஸ் வான் கன்னல் 1888ஆம் ஆண்டு சுழல் கதவுக்குக் காப்புரிமை பெற்றார். சிறகுகள் ஒரு தூணைச் சுற்றிச் சுழலும். எவர் எப்போது நுழைந்தாலும் வெளிக்காற்றுக்கு வழி அடைபட்டே இருக்கும். மிகச் சிறந்த ஏற்பாடு என்று எல்லாரும் வியந்தனர். அதே கதவை நாம் மீண்டும் ஒரு துயர நாளில் சந்திக்கப் போகிறோம்.

திறக்காத கதவுகள்

1883 ஜூன் 16. இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் விக்டோரியா மண்டபத்தில் சிறுவர்களுக்கான மாயவித்தைக் காட்சி. முடிவில் மேடையிலிருந்து பரிசுகள் வழங்கப்பட்டன. மேல்மாடத்தில் இருந்த குழந்தைகள் தங்களுக்கும் பரிசு கிடைக்க வேண்டும் என்று படிகளில் இறங்கி ஓடினர். படியின் அடியில் இருந்த கதவு உள்நோக்கித் திறப்பது. ஒரு குழந்தை மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு அது தாழிடப்பட்டிருந்தது. முன்னே வந்தவர்கள் சிக்கினர். பின்னே வந்தவர்களுக்கு அது தெரியவில்லை. 183 குழந்தைகள் நெரிந்து உயிரிழந்தனர். தீ இல்லை, புகை இல்லை. ஒரு கதவு மட்டுமே காரணம்.

உள்நோக்கித் திறக்கும் கதவு கூட்டத்தின் முன் ஏன் சுவராகிவிடுகிறது? நெருக்கத்தில் பத்துப் பேர் கதவின்மேல் சாய்கிறார்கள், ஒவ்வொருவரும் 100 நியூட்டன் விசையோடு அழுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,000 நியூட்டன். கதவைத் திறக்க விரும்புகிறவர் இவ்வளவு விசையையும் எதிர்த்து இழுக்க வேண்டும். அது எவராலும் ஆகாது. வெளிநோக்கித் திறக்கும் கதவிலோ அதே 1,000 நியூட்டனும் கதவைத் திறக்கவே உதவும்.

இந்நிகழ்ச்சிக்குப் பின், ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் என்ற ஆங்கிலேயர் உள்ளிருந்து தள்ளினாலே விடுபடும் ஒரு தாழை அமைத்து 1892ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். ஆயினும் உலகம் உடனே பாடம் கற்றுக்கொள்ளவில்லை. 1903 டிசம்பர் 30 அன்று சிக்காகோ நகரின் இரோக்குவாய் நாடக அரங்கில் பகற்காட்சியின்போது தீப்பற்றியது. சில கதவுகள் பூட்டியிருந்தன. சில உள்நோக்கித் திறப்பவை. சிலவற்றில் இருந்த தாழைத் திறக்கும் முறை மக்களுக்குப் புரியவில்லை. 602 பேர் மாண்டனர். அன்று அக்காட்சிக்குச் செல்வதாக இருந்து, வேலை காரணமாகச் செல்லாமல் தப்பியவர் கார்ல் பிரின்ஸ்லர். இரும்புச் சாமான் வணிகத்தில் இருந்தவர். அவர் ஹென்றி டூபாண்ட் என்ற கட்டடக் கலைஞரோடு சேர்ந்து உழைத்தார். கதவின் குறுக்கே இடுப்பளவு உயரத்தில் ஒரு சட்டம். உடலால் மோதினாலே தாழ் விடுபட்டுக் கதவு வெளிப்புறம் திறக்கும். 1908இல் இது விற்பனைக்கு வந்தது. இன்று திரையரங்குகளில் நாம் காணும் தள்ளுசட்டம் அதன் வழிவந்ததே.

1942 நவம்பர் 28. மீண்டும் பாஸ்டன் நகரம். கோக்கனட் குரோவ் என்ற கேளிக்கை விடுதியில் தீ. முக்கிய வாயிலாக இருந்தது ஒரு சுழல் கதவு. இரு பக்கமும் கூட்டம் அழுத்தவே அது சுழலாமல் நின்றுவிட்டது. வேறு சில கதவுகள் பூட்டியிருந்தன; சில உள்நோக்கித் திறப்பவை. 492 பேர் உயிரிழந்தனர். குளிரைத் தடுப்பதில் இணையற்ற கதவு, மனிதரை வெளியேற்றுவதில் தோற்றது. இதன் பிறகே, சுழல் கதவு இருந்தால் அதன் பக்கத்திலேயே வெளிப்புறம் திறக்கும் சாதாரணக் கதவும் இருக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் பரவியது.

இந்தப் பாடங்களின் சாரத்தை இந்தியத் தேசியக் கட்டட விதித் தொகுப்பிலும் காணலாம். வெளியேறும் கதவுகள் வெளிநோக்கித் திறக்க வேண்டும்; அகலம் 1,000 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது; மக்கள் பெருந்திரளாகக் கூடும் கட்டடங்களில் 2,000 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று 2016ஆம் ஆண்டுப் பதிப்பு கூறுகிறது.

மூடாத கதவுகள்

‘கதவு எளிதில் திறக்க வேண்டும்’ என்பது முதற் கட்டளை. இரண்டாவது கட்டளை அதற்கு நேர்மாறானது: ‘திறந்தவர் போனதும் கதவு மூட வேண்டும்’. தீ விபத்துகளில் மாள்வோரில் பலரைக் கொல்வது நெருப்பன்று, புகை. புகையைத் தடுத்து நிறுத்த ஒரு நல்ல கதவு போதும், அது மூடியிருந்தால்.

2022 ஜனவரி 9 அன்று நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் 19 மாடிக் குடியிருப்பு ஒன்றில் நடந்ததை நோக்குவோம். கீழ்த்தளங்களில் ஒரு வீட்டில் மின்சாரக் கணப்பு ஒன்றிலிருந்து தீ எழுந்தது. வீட்டிலிருந்தோர் வெளியே ஓடிவந்தனர். தானே மூடிக்கொள்ள வேண்டிய வீட்டுக் கதவு மூடவில்லை. தீ அந்த வீட்டையும் அதன் முன்னிருந்த நடையையும் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. ஆனால் புகை படிக்கட்டில் புகுந்தது. 15ஆம் மாடியில் படிக்கட்டின் கதவும் மூடாமல் நின்றது. வெளியே ஜனவரிக் குளிர். உள்ளே வெதுவெதுப்பான காற்று. உள்ளிருக்கும் இலேசான காற்று மேலெழும்பும். எனவே கீழும் மேலும் கதவு திறந்த படிக்கட்டு புகைபோக்கியாகவே மாறிவிட்டது. 8 குழந்தைகள் உட்பட 17 பேர் இறந்தனர். எல்லாருமே புகையால் மாண்டவர்கள். தீ நின்ற இடத்திலிருந்து பல மாடிகள் மேலே இருந்தோரும் அவர்களில் உண்டு. நியூயார்க் நகரச் சட்டப்படி அக்கதவுகள் தானே மூட வேண்டியவை. சட்டம் இருந்தது, கதவு மூடவில்லை.

இதற்கு ஐந்தாண்டுகள் முன்பு, 2017 ஜூன் 14 அன்று, லண்டன் நகரின் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்தனர். அங்கே தீ பரவியதற்கு முதற் காரணம் வெளிச்சுவரில் பொருத்திய எரியக்கூடிய பலகைகள். ஆயினும் பல வீட்டுக் கதவுகளில் டோர் குளோசர் பழுதுபட்டோ இல்லாமலோ இருந்ததால் நடைபாதைகளிலும் படிக்கட்டிலும் புகை புகுந்தது என்பதை விசாரணைக் குழு 2019இல் வெளியிட்ட அறிக்கை சுட்டிக்காட்டியது. அதன் விளைவாக இங்கிலாந்தில் 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், 11 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புக் கட்டடங்களில் பொதுவழிகளின் தீத்தடுப்புக் கதவுகளை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்கின்றன.

கதவடியில் உள்ள செங்கல் இப்போது வேடிக்கையாகத் தோன்றாது.

இரு கட்டளைகள், ஒரு வில்

எளிதில் திறக்கவும் வேண்டும், உறுதியாக மூடவும் வேண்டும். இரண்டையும் ஒரே சுருள்வில்தான் செய்தாக வேண்டும். டோர் குளோசரைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது.

ஐரோப்பியத் தர விதியான இ.என். 1154, டோர் குளோசர்களை வலிமைப்படி 1 முதல் 7 வரை எண்ணிட்டு வகுக்கிறது. 850 மில்லிமீட்டர் அகலமும் 40 கிலோகிராம் எடையும் வரையுள்ள கதவுக்கு எண் 2; 950 மில்லிமீட்டர், 60 கிலோகிராம் வரை எண் 3; 1,100 மில்லிமீட்டர், 80 கிலோகிராம் வரை எண் 4; 1,250 மில்லிமீட்டர், 100 கிலோகிராம் வரை எண் 5 என்று அது செல்லும். தீத்தடுப்புக் கதவுக்கு எண் 3க்குக் குறைந்தது ஆகாது. எண் 3 என்றால், கதவு மூடும் கடைசிக் கட்டத்தில் குறைந்தது 18 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் இருக்க வேண்டும்.

இனி, திறப்பவர் பக்கத்திலிருந்து நோக்குவோம். நாம் கொடுக்கும் உழைப்பு முழுவதும் மூடும்போது திரும்பக் கிடைப்பதில்லை. உராய்விலும் எண்ணெயிலும் ஒரு பகுதி போய்விடுகிறது. எண் 3 வகைக்கு 55 விழுக்காடாவது திரும்பக் கிடைக்க வேண்டும் என்பது விதி. ஆகவே 18 திரும்பக் கிடைக்க ஏறத்தாழ 33 நியூட்டன் மீட்டர் கொடுத்தாக வேண்டும். கீலிலிருந்து கைப்பிடி 0.87 மீட்டர் தொலைவில் இருந்தால், கையின் விசை 38 நியூட்டன். கிட்டத்தட்ட 4 கிலோகிராம் எடையைத் தூக்கும் விசை.

நமக்கு இது பெரிதன்று. கைத்தடி ஊன்றி வரும் முதியவருக்கும், சக்கர நாற்காலியில் அமர்ந்து ஒரு கையால் கதவையும் மறு கையால் சக்கரத்தையும் தள்ள வேண்டியவருக்கும் இது மலை. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளர் சட்டத்தின் கீழ் 2010இல் வெளியான தர விதிகள், உட்புறக் கதவுகளைத் திறக்கும் விசை 22.2 நியூட்டனுக்கு மேற்படக் கூடாது என்கின்றன. கதவு 90 பாகையிலிருந்து 12 பாகைக்கு வர 5 நொடிகளாவது ஆக வேண்டும் என்றும் சொல்கின்றன. மெல்ல நடப்பவர் கடந்து செல்ல வேண்டுமல்லவா?

22 நியூட்டனை வைத்துக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். கொடுப்பது 19 நியூட்டன் மீட்டர். திரும்பக் கிடைப்பது சுமார் 10. அது எண் 1 வகையின் வலிமை. எண் 3 கேட்கும் 18 எங்கே, இந்த 10 எங்கே! ஒரே கதவில் இரண்டு விதிகளையும் சாதாரண டோர் குளோசரால் நிறைவேற்ற முடியாது. அதனால்தான் அமெரிக்க விதியே தீத்தடுப்புக் கதவுகளுக்கு விலக்கு அளித்திருக்கிறது. இந்த முரண்பாடு எவருடைய கவனக்குறைவாலும் வந்ததன்று, இயற்பியலிலேயே இருப்பது.

காற்றோடு மல்லுக்கட்டலாமா?

கதவு சரியாக மூடவில்லை என்றால், இன்னும் வலிமையான டோர் குளோசரை வாங்கு என்பதே பலர் சொல்லும் யோசனை. கடற்கரையோர ஊர்களில் இதை அடிக்கடி கேட்கலாம். இதுவும் கணக்குக்கு உட்பட்டதே.

நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று கதவின்மேல் சதுர மீட்டருக்குச் சுமார் 60 நியூட்டன் அழுத்தம் தரும். கதவின் பரப்பு 2 சதுர மீட்டர் என்றால் மொத்த விசை 120 நியூட்டன். இது கதவின் நடுவில், கீலிலிருந்து ஏறத்தாழ 0.45 மீட்டர் தொலைவில் செயற்படுவதாகக் கொள்ளலாம். திருப்புத்திறன் 54 நியூட்டன் மீட்டர். எண் 3 வகை தரும் 18ஐக் காற்று மூன்று மடங்கால் வென்றுவிடுகிறது. இக்காற்றை வெல்லும் அளவுக்கு வில்லைக் கூட்டினால், காற்றில்லாத நாளில் அக்கதவை எந்த முதியவரும் திறக்க முடியாது. அன்று செங்கல் வந்து சேரும். காற்றின் தொல்லைக்கு மருந்து, முன்கூடம் அமைத்து இரண்டு கதவு வைப்பதும், காற்றுக்கு மறைப்புச் சுவர் கட்டுவதுமே. கட்டட அமைப்பின் குறையை வில்லால் ஈடுசெய்ய முயலக் கூடாது.

எதை வாங்குவது?

இவ்வளவையும் மனத்திற்கொண்டால் தேர்வு எளிதாகும். முதலில், கதவு எதற்காக மூட வேண்டும் என்று கேட்க வேண்டும். குளிரூட்டிய காற்று வெளியேறாமலிருக்க மட்டுமே என்றால், கதவின் அகலத்துக்கும் எடைக்கும் போதுமான மிகச் சிறிய எண்ணே சிறந்தது. படிக்கட்டு, மருத்துவமனை நடை, மின்பலகை அறை ஆகியவற்றின் தீத்தடுப்புக் கதவு என்றால் எண் 3க்குக் கீழே போகக் கூடாது. தாழ் விழும்வரை மூட வேண்டும்.

அடுத்து, யார் திறப்பார்கள் என்று கேட்க வேண்டும். பள்ளியும் மருத்துவமனையும் வலுவற்ற கைகள் மிகுந்த இடங்கள். மேற்சொன்ன முரண்பாட்டைத் தணிக்க இன்று சில வழிகள் உண்டு. பற்சக்கரத்துக்குப் பதிலாக இதய வடிவச் சுழல்தகடு வைத்த டோர் குளோசரில், கதவு சிறிது திறந்ததுமே எதிர்ப்பு விரைவாகக் குறைந்துவிடும். அதைவிடச் சிறந்தது மின்காந்தப் பிடிப்பு. ஆள் நடமாட்டம் மிகுந்த நடையில் தீத்தடுப்புக் கதவைச் சுவரில் உள்ள மின்காந்தம் திறந்தே பிடித்திருக்கும். புகை உணரி எச்சரித்தாலோ மின்சாரம் நின்றாலோ காந்தம் விட்டுவிடும். டோர் குளோசர் கதவை மூடிவிடும். சற்று எண்ணிப் பார்த்தால், செங்கல் செய்யும் வேலையைத்தான் இது செய்கிறது. ஆனால் எப்போது விலக வேண்டும் என்பது இதற்குத் தெரியும்.

மூன்றாவது, எத்தனை முறை, எவ்வளவு வெப்பத்தில் என்ற கேள்வி. ஐரோப்பிய விதிப்படி ஒரு டோர் குளோசர் 5,00,000 முறை திறந்து மூடும் சோதனையைத் தாங்க வேண்டும். பெரிய எண்ணாகத் தோன்றுகிறது. நாளொன்றுக்கு 500 முறை திறக்கும் நூலகக் கதவுக்கு அது 1,000 நாள் கணக்கு, மூன்றாண்டுகூட இல்லை. எண்ணெயின் பாகுநிலை, அதாவது ஓட்டத்துக்கு அது காட்டும் தடை, வெப்பம் கூடினால் குறையும். அதனால் அதே விதி, 20 பாகை செல்சியசில் 5 நொடியில் மூடும்படி திருகி வைத்த கதவு 40 பாகையில் 3 நொடிக்குக் குறைவாக மூடிவிடக் கூடாது என்கிறது. மார்கழியில் திருகி வைத்த கதவைச் சித்திரையில் மீண்டும் பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் அறிவுரை. இந்தியத் தர நிறுவனமும் கதவின் மேல் பொருத்தும் வகைக்கு ஐ.எஸ். 3564 என்றும், கனத்த கதவுகளுக்காகத் தரைக்குள் பதிக்கும் ‘புளோர் ஸ்பிரிங்’ வகைக்கு ஐ.எஸ். 6315 என்றும் விதிகள் வகுத்துள்ளது. வாங்கும்போது அவ்வெண்களைக் கேட்டு வாங்கலாம்.

பொருத்திய பிறகும் வேலை முடிவதில்லை. சோதிப்பதற்குக் கருவி ஒன்றும் வேண்டா. கதவை ஒரு சாண் திறந்து கையை விடுங்கள், தாழ் விழுகிறதா? முழுவதும் திறந்து விடுங்கள், அறையாமல் மூடுகிறதா? பெட்டியின் அடியில் எண்ணெய்க் கசிவு தெரிகிறதா? தெரிந்தால் உள்ளே தடை போய்விட்டது. வில் மட்டும் எஞ்சியிருக்கிறது. அது பழைய காலத்து அறையும் கதவேதான். கைப்பிடியில் ஒரு வில்தராசை மாட்டி இழுத்தால் திறக்கும் விசையும் தெரிந்துவிடும். பள்ளி மாணவர்கள் ஒரு பிற்பகலில் தங்கள் கட்டடம் முழுவதையும் இவ்வாறு அளந்துவிடலாம்.

சண்டர்லாந்தில் திறக்காத கதவு 183 குழந்தைகளைக் கொன்றது. பிராங்ஸில் மூடாத கதவு 17 பேரைக் கொன்றது. இரண்டுக்கும் இடையே உள்ள 139 ஆண்டுகளில் மனிதன் இரு பாடங்களையும் எழுதி விதியாக்கிவிட்டான். ஆனால் விதி தாளில் இருக்கிறது. கதவை அன்றாடம் தொடுவது கை. அந்தக் கை வெறுக்காத கதவே தீ நேரும் நாளில் மூடியிருக்கும்.

அடுத்த முறை ஒரு கதவடியில் செங்கல்லைக் கண்டால் அதை எடுத்து அப்பால் வையுங்கள். அத்துடன் நின்றுவிடாமல், அதை ஏன் வைத்தார்கள் என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் அந்தப் பெட்டியின் திருகிலோ, அதன் மேல் பொறித்த எண்ணிலோ இருக்கும். அதைச் சரிசெய்யாவிட்டால் நாளைக் காலையில் செங்கல் மறுபடியும் அங்கே இருக்கும்.